நடுகல்லும் கோட்டையும்: கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லை மரபு

தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004 பிப்ரவரி 9 அன்று பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களையும் தொட்டுக் கிடக்கிறது. மேற்கே ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் மைசூர் பீடபூமியின் விளிம்பில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளன. கிழக்கே கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரைப் பகுதிகள் அதைவிடப் பல நூறு மீட்டர் தாழ்ந்தவை. மேட்டிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வழிகள் பல இம்மாவட்டத்துக்குள் வருகின்றன. சுற்றுலாப் பட்டியல்கள் தென்பெண்ணை அணையில் தொடங்கிக் கோட்டைகளில் முடிவது வழக்கம். ஆனால் இம்மண்ணின் வரலாற்றை நீண்ட காலத்துக்குத் தொடர்ச்சியாகச் சொல்லும் சான்று அவ்விரண்டும் அல்ல, விழுந்த வீரருக்கு ஊரார் நட்ட நினைவுக் கற்களான நடுகற்களே என்பது இக்கட்டுரையின் துணிபு.

வீரச் சாவின் நினைவு ஒரு மாவட்டத்தின் அடையாளமாவதற்குப் பஞ்சாபின் பதேகர் சாகிப் நல்ல எடுத்துக்காட்டு. சீக்கிய குரு கோவிந்த் சிங்கின் இளைய மைந்தர்களான சோராவர் சிங்கும் பதே சிங்கும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள சிர்ஹிந்தில் கொல்லப்பட்டனர். 1710இல் சீக்கியத் தளபதி பந்தா சிங் பகதூர் அந்நகரைக் கைப்பற்றினார். அந்த நினைவைச் சுற்றி குருத்வாராவும் ஆண்டுதோறும் டிசம்பரில் கூடும் பெருந்திரளும் வளர்ந்தன. 1992இல் அமைந்த மாவட்டமே இருவரில் இளையவரான பதே சிங்கின் பெயரைத் தாங்கியது. அங்கே ஒரு நிகழ்ச்சி, ஒரு சமயம், ஒரு தலம். கிருஷ்ணகிரியிலோ நினைவு சிதறிக் கிடக்கிறது. ஒவ்வோர் ஊரும் தன் வீரனுக்குத் தானே கல் எடுத்தது, அரசாணைக்குக் காத்திருக்கவில்லை.

இறந்தோருக்குக் கல் எழுப்பும் வழக்கம் இங்கே மிகப் பழையது. மல்லச்சந்திரத்துக் குன்றின் மேல் உள்ள கற்திட்டைகள் பெருங்கற்காலத்தவை. அக்கற்களோடு சேர்த்துப் பேசப்படும் இரும்பின் பழமையும் இங்கே மிகுதி: பர்கூர் வட்டத்து மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வில் இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 வரை பின்னோக்கிச் செல்வதாகக் கரிமக் கணிப்பு காட்டியது. 2022 மே மாதத்தில் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் இதை அறிவித்தார்.

நடுகற்களில் பெரும்பாலானவை ஆநிரைப் பூசலைச் சார்ந்தவை. கவர்ந்து செல்லப்பட்ட தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்கப் போய் விழுந்தவன், ஊர் அழிந்தபோது எதிர்த்து நின்றவன், புலியோடு பொருதவன் ஆகியோரே இவற்றின் நாயகர்கள். மன்னனின் ஆட்சியாண்டு முதலில் வரும். பிறகு வீரன் யாருடைய சேவகன், எந்தப் பூசலில் பட்டான் என்பது. பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர் என ஆதிக்கம் கைமாறியதைச் செப்பேடுகளைவிட நெருக்கமாக இக்கற்கள் காட்டுகின்றன. செப்பேடு கொடையைப் பேசும், இவை ஒரு சிற்றூர் பட்ட பாட்டைப் பேசுகின்றன. மேய்ச்சல் நிலமும் காடும் மலைவழியும் கலந்த எல்லைப்புறத்தில் மாடே செல்வம். அதைக் கவர்வதே போரின் தொடக்கம். ஆகவே இக்கற்கள் இங்கே மிகுந்திருப்பது நிலவியல்பின் விளைவு.

சிற்ப அமைதியிலும் எல்லை தெரிகிறது. பாராமகால் எனப்பட்ட கிழக்குச் சமவெளிப் பக்கத்துப் பழைய கற்களில் வில்லும் வாளும் ஏந்திய வீரன் மட்டும் ஒற்றைப் பரப்பில் நிற்பான். உடலில் தைத்த அம்புகளும் காலருகே மாடுகளும் சில கற்களில் உண்டு. ஓசூர்ப் பக்கத்தில், குறிப்பாகப் போசளர் காலத்தில், கன்னட நாட்டு அடுக்கு முறை வருகிறது: கீழே போர், நடுவே தேவமகளிர் வீரனை ஏந்திச் செல்லும் காட்சி, மேலே சிவலோகம். தமிழ், கன்னடம் இரண்டிலும் கல்வெட்டுகள் கிடைக்கின்றன. 1956இல் மொழிவாரியாக வகுத்த மாநில எல்லைக்கோட்டை இக்கற்களின் மேல் பொருத்திப் பார்ப்பது வீண்வேலை.

போசளர் இங்கே விருந்தினர்களாக வந்தவர்கள் அல்லர். தலைநகரான கண்ணனூரைப் பாண்டியரிடம் இழந்த பின், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், போசள மன்னன் வீர ராமநாதன் இம்மாவட்டத்துக் குந்தாணியைத் தலைநகராகக் கொண்டான். காவேரிப்பட்டினம் அருகே பெண்ணேசுவரமடத்துக் கோயிலிலும் ஓசூர்ப் பகுதியிலும் அவன் காலக் கல்வெட்டுகள் உள்ளன. சில காலமேனும் இவ்வெல்லைப்புறம் ஓர் அரசின் நடுவிடமாக இருந்தது. பொது வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

கோட்டைகள் பெயர் பெற்றது 18ஆம் நூற்றாண்டுப் போர்களால். பன்னிரண்டு கோட்டைகளின் நாடு என மரபு சொல்லும் பாராமகால், கணவாய்களின் சாவியாக மைசூரின் ஐதர் அலிக்கும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் தேவைப்பட்டது. 1791 ஜூலையில் ராயக்கோட்டை கம்பெனிப் படையிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரிக் கோட்டையைக் கம்பெனிப் படைத்தலைவர் மாக்ஸ்வெல் தாக்கியும் பிடிக்க முடியவில்லை. 1792 ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கைதான் பாராமகாலைக் கம்பெனிக்குத் தந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் பின்னாளில் ரயத்துவாரி எனப்பட்ட வரி முறையை உருவாக்கியது இங்கேதான். ஓசூரோ திப்பு வீழ்ந்த 1799 வரை மைசூரிடமே இருந்தது. ஒரே மாவட்டத்தின் இரு பாதிகளுக்கு ஏழாண்டு இடைவெளி.

அதன் பின் ஓசூரின் கதை வேறு வகை. 1824இல் குதிரைப் படைத் தேவைக்காகத் தொடங்கிய பண்ணை பின்னர் அரசு கால்நடைப் பண்ணையானது. 1878இல் பக்கத்துத் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்தார். அவ்வீடு இன்று நினைவில்லம். 1970களில் சிப்காட் தொழில் வளாகம் வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் தொடர்ந்தன. பெங்களூரு 40 கிலோமீட்டரில் இருக்க, நிலம் தமிழ்நாட்டு விலையில் கிடைத்தது. எல்லை லாபமானது. 2019இல் நகரம் மாநகராட்சியாயிற்று.

இவ்வளர்ச்சியில் எந்தக் கல் தப்பும், எது போகும் என்பதை அதன் தொன்மை முடிவு செய்வதில்லை. வேடியப்பன் என்ற பெயரில் பூசை பெறும் நடுகற்கள் ஊராரின் காவலில் இருக்கின்றன. எழுத்து தேய்ந்தாலும் பொங்கல் வைப்பது நிற்பதில்லை. பூசையற்ற கல் வரப்புக்கும் வேலிக்கும் போகலாம், கிரானைட் குவாரியின் கழிவுக்கடியில் மறையலாம். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் 1993 முதல் சிலவற்றைக் காத்து வருகிறது. அங்கே எழுத்து பிழைக்கிறது, வழிபாடு உடன் வருவதில்லை. ஓசூர் மலைமேல் சந்திரசூடேசுவரர் தேருக்கு மூன்று மாநிலத்தவரும் திரள்வதையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும்: காவல் செய்வோர் கூட்டமாக இருப்பதால் அக்கோயிலின் கல்வெட்டுகளும் நிலைத்துள்ளன.