வட்டவளை ஏற்றத்தில் பழைய கார்: குறைந்த செலவில் வலுக்கூட்ட எதை முதலில் மாற்றுவது?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரிகளையும் சேர்த்துப் பார்த்தால் புதிய கார் இன்றும் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத பொருள்தான். இதனால் வடக்கிலும் மலையகத்திலும் 60, 70 வருடப் பழைய கார்களைக் கைவிடாமல் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். மொரிஸ் மைனரும் ஒஸ்டின் ஏ40-உம் சிலருக்கு ஆசைக்கு வைத்திருக்கும் வாகனங்கள். வேறு சிலருக்கு அவை அன்றாடப் பிழைப்பு.

யாழ்ப்பாணத்துச் சமதரையில் குறை சொல்ல முடியாமல் ஓடும் கார், அவிசாவளையிலிருந்து கித்துல்கல, கினிகத்தேனை வழியாக வட்டவளைக்கு ஏறும்போது மூச்சு வாங்கும். உடனே பலரும் பெரிய எஞ்சின், இரட்டைக் காபரேற்றர், சத்தமான சைலன்சர் என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். கையில் உள்ள பணம் குறைவாக இருக்கும்போது இந்த வரிசை தலைகீழானது. மலையில் முதலில் நிற்க வேண்டும், பிறகு சூடாகாமல் இருக்க வேண்டும், அதன் பிறகுதான் இழுக்க வேண்டும்.

மலை பறிக்கும் வலு

அமெரிக்காவில் 1964-இல் வந்த பொன்டியாக் ஜீ.ரீ.ஓ. போன்ற ‘மசில் கார்’கள் 6.4 லீற்றர் எஞ்சினும் 300-க்கு மேற்பட்ட குதிரைவலுவும் கொண்டவை. நமது பழைய கார்களின் கணக்கு வேறு. மொரிஸ் மைனரின் 803 சீசீ எஞ்சின் சுமார் 30 குதிரைவலு தந்தது. 1956-இல் வந்த 948 சீசீ எஞ்சின் 37, 1962-இல் வந்த 1098 சீசீ எஞ்சின் 48. ஒஸ்டின் ஏ40 சமர்செட்டின் 1200 சீசீ எஞ்சினுக்கு 42.

இவை தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது, கடல்மட்டத்துக்கு உரிய எண்கள். உயரம் கூடக் காற்றின் அடர்த்தி குறையும். ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு வலு குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். வட்டவளை சுமார் 1,000 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. 48 குதிரைவலு எஞ்சின் வட்டவளையில் 43 அளவிலும் நுவரெலியாவில் 40 அளவிலும்தான் வேலை செய்யும். ஆகவே ஏற்றத்தில் கார் தளர்வதெல்லாம் பழுதல்ல. காற்று எடுத்துக்கொண்ட பங்கு எது, தேய்மானம் எடுத்துக்கொண்ட பங்கு எது என்று பிரித்தறிவதே முதல் வேலை.

முதல் ரூபாய் பிரேக்குக்கு

காரும் நாலு பேரும் சேர்ந்து சுமார் 1,000 கிலோ என்று கொள்வோம். அந்தப் பாரம் 500 மீற்றர் கீழே இறங்கும்போது வெளிவரும் சக்தி, சுமார் 15 லீற்றர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. எஞ்சினின் தடையும் காற்றும் ஏற்காத மிகுதி முழுவதும் பிரேக் டிரம்களில்தான் சூடாக இறங்குகிறது. ஏறும் வேகத்தைக் கூட்டிவிட்டு இறங்கும் வழியைக் கவனிக்காமல் விடுவது உயிரோடு விளையாடும் வேலை.

மொரிஸ் மைனரில் கவனிக்க வேண்டியவை நான்கு:

பிரேக் எண்ணெய். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அது 140 பாகை வரை இறங்கலாம். டொட் 4 வகைக்கு இந்த எண்கள் 230, 155. வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் வட்டவளை போன்ற இடத்தில், வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை முழுமையாக மாற்றுவது நல்லது. இது செலவு மிகக் குறைந்த மேம்பாடு.

மாஸ்டர் சிலிண்டர். மைனரில் இது சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. சேறும் தண்ணீரும் அங்குதான் சேரும். நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்த் தொகுதி என்பதால், ஓரிடத்தில் ஒழுகினாலும் மிதி முழுவதும் இறங்கிவிடும். அந்த நேரத்தில் மிஞ்சுவது கைப்பிரேக் மட்டுமே. அதையும் இறுக்கிச் சோதிக்க வேண்டும்.

டிரம் அளவு. 948 சீசீ வரையான மைனர்களில் முன் டிரம் 7 அங்குலம். 1098 சீசீ மொடலில் அது 8 அங்குலம். பிந்திய மொடலின் முன் பிரேக்கை முந்திய காருக்குப் பொருத்துவது பழகிய, நம்பகமான மாற்றம். டிஸ்க் பிரேக் போடப் பணமில்லாதவர்களுக்கு இதுவே ஏற்றது.

லைனிங். அக்காலத்து லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. காற்றடித்து ஊதாமல், ஈரத் துணியால் துடைத்தெடுக்கும்படி கராஜில் சொல்ல வேண்டும்.

பிரேக் சரியா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு சிறிய இறக்கத்துக்குப் பிறகு பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அது இறுகிப் பிடிக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை.

ரயர்: பூவை மட்டும் பார்த்தால் போதாது

மலையகத்து ஈர வீதியில் பனிமூட்டமும் சேரும்போது ரயரின் வயது முக்கியமாகிறது. பூ நன்றாகத் தெரிந்தாலும் ரப்பர் இறுகியிருந்தால் பிடிப்பு இருக்காது. ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். ‘2319’ என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். மைனரின் 14 அங்குல ரிம்முக்கு 145 அல்லது 155 அகல ரேடியல் ரயர்கள் பொருந்தும். பழைய குறோஸ்பிளை வகையிலிருந்து ரேடியலுக்கு மாறினால் வளைவுகளில் வித்தியாசம் உடனே தெரியும். நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டும். இரு வகைகளையும் கலந்து போடக்கூடாது.

சூட்டை அடக்குதல்

உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். வட்டவளையில் சுமார் 97 பாகையிலும், நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலும் கொதித்துவிடும். ரேடியேற்றர் மூடியின் அழுத்தம்தான் இந்தக் கொதிநிலையை உயர்த்தி வைக்கிறது. மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால், ஏற்றத்தின் நடுவில் ஆவி பறக்கும். புதிய மூடி, புதிய குழாய்கள், உள்ளே படிந்த துருவைக் கழுவுதல், தேவையானால் ரேடியேற்றர் கோர் மாற்றுதல் என்ற வரிசையில் போக வேண்டும். சூடான மூடியைத் திறக்கவே கூடாது.

மின்விசிறி பொருத்த நினைப்பவர்கள் மின்சாரத்தையும் கணக்கிட வேண்டும். மைனரின் டைனமோ 22 அம்பியர் அளவுதான் தரும். இரவு மழையில் விளக்கும் வைப்பரும் மின்விசிறியும் சேர்ந்தால் பற்றரி இறங்கும். ஓல்ற்றனேற்றர் போடுவதானால், பல மைனர்கள் ‘பொசிட்டிவ் ஏர்த்’ இணைப்புடையவை என்பதை மெக்கானிக்குக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

தேய்மானம் எடுத்த வலுவை மீட்டல்

பிரேக்கும் சூடும் ஒழுங்கான பிறகே எஞ்சினுக்கு வரலாம். இங்கும் மிக மலிவான குதிரைவலு, காரில் ஏற்கனவே இருந்து தொலைந்துபோன குதிரைவலுதான்.

முதலில் நான்கு சிலிண்டர்களின் கம்பிரஷன் அளக்க வேண்டும. நான்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால் எஞ்சின் நலம். ஒன்று பத்து வீதத்துக்கு மேல் குறைந்தால் வால்வு, ரிங், கஸ்கட் மூன்றில் ஒன்றில் கசிவு. அதைச் சரிசெய்யாமல் புதிய காபரேற்றர் வாங்குவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்குச் சமம்.

அடுத்தது பற்றவைப்பு. டிஸ்ரிபியூற்றர் பொயின்ற் இடைவெளி, கண்டென்சர், பிளக், வாக்கும் அட்வான்ஸ் தகடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அந்தச் சிறு தகடு கிழிந்திருந்தால் எரிபொருள் வீணாகும். பொயின்றுக்குப் பதிலாக மின்னணுப் பற்றவைப்பு போடுவது ஈரமான மலையகக் காலையில் காரை இலகுவாக எழுப்பும். உயரத்தில் காற்று மெலிவதால் கலவையில் பெற்றோல் கூடிவிடும். பிளக் கறுத்துப் புகைபடிந்திருந்தால் எஸ்.யூ. காபரேற்றரின் ஜெற்றைச் சற்று மேலே உயர்த்திக் கலவையை மெலிக்கலாம். ஆனால் கலவையை அளவுக்கு மீறி மெலித்தால் வால்வு எரியும்.

வடக்கிலிருந்து வந்த பழைய காரானால் இன்னொன்றையும் கேட்டறிய வேண்டும். 1990-இல் பொருளாதாரத் தடை வந்தபின், யாழ்ப்பாணத்துக் கார்கள் சில துளி பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் ஓடியதை அந்தத் தலைமுறை மறக்காது. 7.2:1 போன்ற குறைந்த கம்பிரஷன் கொண்ட இந்த எஞ்சின்கள்தான் அதற்கு ஈடுகொடுத்தன. மெக்கானிக்குகளின் கைத்திறன் அவற்றைச் சாகாமல் வைத்தது. ஆனால் முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவி, கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயையும் நீர்த்துவிடும். ரிங்கும் பெயாரிங்கும் தேயும். அதற்குப் பிறகு எஞ்சின் பிரித்துச் செய்யப்பட்டதா, மண்ணெண்ணெய்க்காகத் தள்ளிவைத்த பற்றவைப்பு நேரம் திரும்பச் சரியாக்கப்பட்டதா என்று பார்ப்பது, ஆயிரக்கணக்கான ரூபாய் உதிரிப்பாகங்களைவிடப் பயன் தரும்.

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002-இல் நிறுத்தப்பட்டது. பழைய எஞ்சினின் வால்வு இருக்கைகளுக்கு ஈயம் காப்பாக இருந்தது. ஹெட்டைக் கழற்றும் வாய்ப்பு வந்தால், கடினமான வால்வு இருக்கைகளை அப்போதே போட்டுவிடுவது இரட்டைச் செலவைத் தவிர்க்கும்.

இழுவைக்கு: டிஃப்

எஞ்சினைத் தொடாமலே ஏற்ற வலுவைக் கூட்டும் வழி ஒன்று உண்டு. 1098 சீசீ மைனரின் பின் அச்சு விகிதம் 4.22. 948 சீசீ மொடலுக்கு 4.55. பின்னதை முன்னதில் போட்டால், ஒவ்வொரு கியரிலும் இழுவை சுமார் 8 வீதம் கூடும். பதிலாக, சமதரையில் அதே வேகத்துக்கு எஞ்சின் வேகமாகச் சுழலும், வேகமானி உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். ஹட்டன், கொட்டகலை, மஸ்கெலியா என்று மலையிலேயே ஓடும் காருக்கு இது நல்ல பேரம். அடிக்கடி கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிறவருக்கு அல்ல.

எஞ்சின் மாற்றம் கடைசி

1275 சீசீ எஞ்சினையோ ஜப்பான் எஞ்சினையோ ஏற்றுவது முடியாத காரியமல்ல. ஆனால் எஞ்சினின் விலையோடு செலவு நிற்பதில்லை. கியர்ப் பெட்டி, தாங்கிகள், புரொப்பலர் தண்டு, ரேடியேற்றர், பிரேக் என்று அது தொடரும். எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவையும் மாற்ற வேண்டும். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தேறாவிட்டால் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. சத்தமான சைலன்சர் வலுவைச் சிறிதே கூட்டும், பொலிஸ் சோதனையைப் பெரிதாகக் கூட்டும்.

வேகத்தை விரும்புபவர்களுக்கு நுவரெலியாவில் 1934-இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் இருக்கிறது. அங்கு வீதி மூடப்பட்டு, ஒரு நேரத்தில் ஒரு கார் மேலே ஏறும். வட்டவளை வீதியில் பாடசாலைப் பிள்ளைகளும், கொழுந்து ஏற்றிய லொறியும், வைத்தியசாலைக்கு நோயாளியைக் கொண்டுபோகும் ஓட்டோவும் எதிரே வரும்.

பணத்தைப் பிரிக்கும் வரிசை

1. பிரேக் எண்ணெய், சிலிண்டர்கள், லைனிங், கைப்பிரேக்.
2. நான்கு ரயர்கள்.
3. ரேடியேற்றர் மூடி, குழாய்கள், கோர்.
4. கம்பிரஷன் சோதனை, வால்வு, பற்றவைப்பு, காபரேற்றர்.
5. மலையிலேயே ஓடுவதானால் டிஃப் விகிதம்.
6. மிச்சம் இருந்தால் மட்டும் எஞ்சின்.

ஒரு படி முடியாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். கையிலுள்ள பணம் மூன்றாவது படியோடு முடிந்தாலும் நட்டமில்லை. அந்தக் கார் மெதுவாக ஏறும். ஆனால் ஏறிய கியரிலேயே இறங்கி, ஏற்றிச் சென்றவர்களைப் பத்திரமாக வீட்டில் சேர்க்கும்.