பராக்கிரம பாண்டியன் கும்பிட்டது யாரை?



"பண்பாடு தேங்கி நிற்கக் காரணம் இளைஞர்களின் சோம்பலா, பெரியவர்களின் பழம்பெருமையா?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். தலை நரைத்தவன்தான் நான். இருந்தாலும் இளைஞர் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் சற்று முன்னால், "அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி இப்ப ஒண்ணு உண்டா?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, தென்காசியில் மேடை போட்டுக்கொண்டு கேட்கிற கேள்வியா இது?

இந்த ஊர்க் கோபுரத்தைப் பாருங்கள். ஒன்பது நிலை, ஏறத்தாழ 180 அடி. பேரனைத் தோளில் தூக்கிக் காட்டி, "ஐந்நூறு வருஷத்துக் கோபுரம்டா" என்கிறோம். கோயில் 15-ஆம் நூற்றாண்டுதான். அரிகேசரி பராக்கிரம பாண்டியன் கட்டியது. ஆனால் கோபுரம் சிதைந்து, தலைமுறை தலைமுறையாகப் பாழாய் நின்றது. 'தினத்தந்தி' அதிபர் சிவந்தி ஆதித்தன் முன்னின்று திருப்பணி நடத்தி, 1990-ல் குடமுழுக்கு நடந்தது. இந்தக் கோபுரத்தைவிட இங்கே உட்கார்ந்திருக்கிற பலருக்கு வயது கூட! (சிரிப்பு)

அந்தப் பாண்டியன் கல்வெட்டில் ஒரு பாட்டே வெட்டி வைத்திருக்கிறான். இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதாவது குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும், அவரை உலகறியப் பணிகிறேன் என்பது அதன் கருத்து. யோசித்துப் பாருங்கள். முடி சூடிய ராஜா, இன்னும் பிறக்காத பிள்ளைகளைக் கும்பிடுகிறான்! "எங்க காலம் மாதிரி வருமா" என்று அவன் எழுதி வைக்கவில்லை.

சரி, குற்றாலத்துக்கு வாருங்கள். சாரல் சீசனில் குளித்துவிட்டு, பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறிவிடுகிறோம். அந்த அருவியையும் மலையையும் வைத்துத் திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர், பக்கத்து மேலகரத்துக்காரர். 18-ஆம் நூற்றாண்டு. இன்றைக்கு அது பாடப்புத்தகம். அன்றைக்கு? குறி சொல்லுகிற குறத்தியையும், கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிற சிங்கனையும் கொண்டுவந்து, பெரிய சன்னிதியிலே நிறுத்திப் பேச விட்ட சங்கதி அது. அதற்காக மதுரை முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் கொடுத்தார். அந்த இடத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பேர்.

இன்னொருவர், சங்கரன்கோயில் பக்கம் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். காவடி தூக்கி நடக்கிறவன் கால் போடுகிற தாளத்தை எடுத்து இலக்கியம் ஆக்கினார். 1891-ல் அவர் மறைந்தபோது வயது முப்பதைத் தாண்டவில்லை. நாம் 'பாரம்பரியம்' என்று பட்டுத்துணி போர்த்தி வைத்திருக்கிற காவடிச்சிந்து ஓர் இளைஞன் செய்த புதுமை! (கைதட்டல்)

அப்படியானால் இன்றைக்கு ஏன் பழசே திரும்பத் திரும்ப வருகிறது? இங்கேதான் என் அணியைவிட்டுக் கொஞ்சம் விலகிப் பேசப் போகிறேன், நடுவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1688-ல் யொகான்னஸ் ஹோஃபர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர், ஊரை விட்டு வந்தவர்களை வாட்டிய ஊர் ஏக்கத்துக்கு 'நாஸ்டால்ஜியா' என்று பேர் வைத்தார். அவர் அதை வியாதி என்றார். இன்றைக்கு அது சரக்கு.

'சொர்க்கம்' படத்துப் 'பொன்மகள் வந்தாள்' 1970. அதையே 2007-ல் 'அழகிய தமிழ்மகன்' படத்தில் ரீமிக்ஸ் செய்தார்கள். 'பில்லா' 1980, மறுபடி 2007. அந்த 1980 படமே 1978-ல் வந்த இந்தி 'டான்'தான். 'கில்லி' 2004-ல் வந்தது, அதுவும் தெலுங்கு 'ஒக்கடு'விலிருந்து. அதை 2024-ல் மறுபடி வெளியிட்டார்கள், தியேட்டரில் திருவிழா! படம் வந்தபோது தொட்டிலில் கிடந்த பையன் விசிலடிக்கிறான். தான் பார்க்காத காலத்துக்கு அவனை ஏங்க வைத்தது யார்? கணக்கு லேசானது. புதுப்படம் எடுக்க முதல் போட வேண்டும், ஓடுமா என்று தெரியாது. பழைய படம் போட்ட முதலை எப்போதோ எடுத்துவிட்டது. தூசி தட்டினால் போதும், பார்க்கிற கூட்டம் முன்கூட்டியே தெரியும். இங்கிலாந்தில் மார்க் ஃபிஷர் என்று ஓர் ஆசிரியர் இருந்தார், 2017-ல் இறந்துபோனார். இலாபம் ஒன்றே அளவுகோலான உலகத்தில் கலை தன் பழைய வேடங்களையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் என்று எழுதினார். பிள்ளைகள் சோம்பேறிகள் என்று அவர் எழுதவில்லை.

புதுசு பிறக்க ஓய்வு வேண்டும் ஐயா! ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் வட்டத்தொட்டி நடத்தினார், பிறகு குற்றாலத்தில் வந்து குடியிருந்தார். ராஜாஜி வருவார், கல்கி வருவார். ஒரே பாட்டைச் சாயங்காலம் முழுக்கச் சுவைப்பார்கள். டிக்கெட் கிடையாது. பழமையைக் கொண்டாடியவர்தானே என்று எதிரணி கேட்கும். கம்பனையே சல்லடையில் போட்டுச் சலித்து, இது கம்பன் பாட்டில்லை, இது இடைச்செருகல் என்று தள்ளியவர் அவர்! பண்டிதர்கள் கொதித்தார்கள்.

ஆனால் அந்த ஓய்வு யாருக்குக் கிடைத்தது? கவிராயருக்கு நாயக்கர் நிலம், ரெட்டியாருக்கு ஊற்றுமலை ஜமீன். சிற்றாற்றுப் பாசனத்தில் முழங்கால் சேற்றில் நாற்று நட்ட அம்மாவுக்குக் கிடைத்ததா? இல்லை. அவள் பாடிய நடவுப் பாட்டுக்கு ஏடும் இல்லை, மானியமும் இல்லை. ஆகவே பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்றைக்கு அவள் பேத்தி படித்திருக்கிறாள். பகலில் ஜவுளிக்கடை, ராத்திரி டி.என்.பி.எஸ்.சி. புத்தகம். மிச்சம் இருக்கிற அரைமணி நேரத்தில் அவள் கைபேசிக்குள் நம்முடைய பழைய பாட்டுதான் வந்து நிற்கிறது. அவள் பாட்டு எப்போது பிறக்கும்? நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், உட்கார்ந்துவிடுகிறேன். அடுத்து வருகிற எதிரணி அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உங்கள் ஊர்த் திருவிழா மேடையில், இருபது வயதுப் பிள்ளை தானே கட்டிய பாட்டைப் பாட, கடைசியாக எந்த வருஷம் இடம் கொடுத்தீர்கள்? வருஷத்தைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள் அம்மா. (கைதட்டல்)