கோகினூர் இழந்ததும் பெற்றதும்

1851ஆம் ஆண்டு மே மாதம் லண்டன் ஹைட் பார்க்கில் மாபெரும் கண்காட்சி தொடங்கியது. கோகினூர் வைரத்தைக் காண மக்கள் முண்டியடித்தனர். ஆனால், பார்த்தவர்களுள் பலர் ஏமாற்றத்துடன் திரும்பினர். அது வெறும் கண்ணாடித்துண்டு போல மங்கித் தெரிந்தது. சுற்றிலும் இருளாக்கி, வாயு விளக்குகளை ஏற்றிப் பார்த்தும் போதிய பயன் கிட்டவில்லை.

குறை கல்லில் இல்லை. அதன் பட்டைகளில்தான் இருந்தது. முகலாயர் காலத்துக் கலைஞர்கள் கல்லின் எடையையும் இயற்கை வடிவத்தையும் இயன்றவரை காப்பதையே பெரிதாக மதித்தனர். ஐரோப்பியர் தேடியதோ மின்னலை.

வைரத்தினுள் புகும் ஒளி, கீழ்ப்பட்டைகளில் பட்டு மீண்டும் மேல்நோக்கித் திரும்பினால்தான் கல் சுடர்விடும். பட்டையின் செங்குத்துக்கோட்டுக்கு 24.4 பாகையிலும் கூடிய சாய்வில் வரும் ஒளி வெளியேற முடியாமல் உள்ளேயே தெறிக்கும். கீழ்ப்பகுதி அளவுக்கு மீறித் தட்டையாகவோ ஆழமாகவோ அமைந்தால் ஒளி அடிப்புறமாகவும் பக்கவாட்டிலும் கசிந்துவிடும். பொருத்தமான கோணங்களை மார்செல் டோல்கோவ்ஸ்கி கணித்து வெளியிட்டது 1919இல்தான்.

அதற்கு வெகுகாலம் முன்னரே, 1852இல், விக்டோரியா மகாராணியின் கணவர் அல்பேர்ட் இளவரசர் மறுபட்டை தீட்ட ஏற்பாடு செய்தார். ஆம்ஸ்டர்டாமிலிருந்து கைதேர்ந்த தொழிலாளர் வந்தனர். நீராவி இயந்திரம் சாணைச் சக்கரத்தைச் சுழற்றியது. முதற்பட்டையைத் தொடக்கிவைத்தவர் முதியவரான வெலிங்டன் பிரபு. 38 நாட்களின் பின், இன்றைய அளவையில் சுமார் 191 கரட்டாக இருந்த கல் 105.6 கரட்டாகச் சுருங்கியிருந்தது. ஒளி கூடியது, ஏறத்தாழ நாற்பத்தைந்து வீதம் தூளாகியது.

இழப்பு எடையில் மட்டுமா? 1849இல் பஞ்சாபைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், பத்து வயதே நிரம்பிய மன்னர் துலீப் சிங்கிடமிருந்து லாகூர் உடன்படிக்கை மூலம் பெற்ற கல் இது. 1854இல் லண்டன் வந்த அவரிடம் மகாராணி அதைக் காட்டியபோது, அவர் சாளரத்தருகே சென்று நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வணங்கித் திருப்பிக் கொடுத்தார் என்று லோகின் சீமாட்டியின் நினைவுக்குறிப்புகள் கூறுகின்றன.

அவர் கையில் இருந்தது முன்னிலும் ஒளிமிக்க கல். ஆனால் அவர் அறிந்திருந்த கல் அன்று. பறிகொடுத்த பொருள் என்றோ ஒருநாள் திரும்பக் கிடைக்கலாம். அதன் பழைய உருவம் இனி ஒருபோதும் திரும்பாது.