இலங்கையில் ஜனாதிபதியின் நேரடித் தெரிவு

நாடு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு ஜனாதிபதியை மக்களே தெரிவுசெய்யும் முறை, இலங்கைக்கு 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் வழியே வந்தது. அதற்கு முந்திய 1972ஆம் ஆண்டு யாப்பில் ஜனாதிபதியைப் பிரதமர் நியமித்தார்; வில்லியம் கொபல்லாவ வகித்த அப்பதவி பெரும்பாலும் சம்பிரதாயமானது. பாராளுமன்றத்தின் தயவில் தங்கியிராத வலுவான நிறைவேற்றுத் தலைமை வேண்டும் என 1966இலேயே வாதிட்ட ஜே. ஆர். ஜெயவர்தன, 1977இல் ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களை வென்றதும் அதை நடைமுறைப்படுத்தினார். எனினும் 1978 பெப்ரவரி 4இல் அவர் ஜனாதிபதியானது மக்கள் வாக்கைக் கேளாமல், யாப்புத் திருத்தம் ஒன்றின் மூலமே.

முதல் நேரடித் தேர்தல் 1982 ஒக்டோபர் 20இல் நடந்தது. ஜெயவர்தன 52.91 வீத வாக்குகளுடன் வென்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் குமார் பொன்னம்பலம் முதலிடம் பெற்றார்.

வெற்றிக்குச் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். வாக்காளர் மூவர் வரை விருப்பு வரிசை இடலாம். சிங்கள வாக்குகள் இரண்டாகப் பிரியும்போது தமிழ், முஸ்லிம், மலையக மக்களை நாடாமல் எவரும் வெல்ல முடியாது என்பதே இம்முறையை ஆதரிப்போரின் முதன்மை வாதம். 2015இல் மைத்திரிபால சிறிசேன வடக்கு, கிழக்கு வாக்குகளின் பலத்தால் வென்றபோது அது மெய்யானது. ஆனால் 2005இல் விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறக்குறைய எவருமே வாக்களிக்கவில்லை. மகிந்த ராஜபக்ச 50.29 வீதத்துடன் மயிரிழையில் தப்பினார். 2019இலோ கோட்டாபய ராஜபக்ச வடக்கு, கிழக்கின் பெரும்பான்மை ஆதரவின்றியே 52.25 வீதம் பெற்றார். ஆகவே சிறுபான்மையினருக்கான அந்தப் பாதுகாப்பு உறுதியானதன்று.

பதவி இடையில் வெற்றிடமானால் பாராளுமன்றமே தெரிவுசெய்யும். 1993இல் டி. பி. விஜேதுங்க அவ்வாறு வந்தார். 2022இல் மக்கள் போராட்டத்தால் கோட்டாபய நாட்டைவிட்டு வெளியேறியபின், தன் கட்சியின் ஒரே உறுப்பினராகத் தேசியப் பட்டியலில் வந்திருந்த ரணில் விக்கிரமசிங்க 134 வாக்குகளால் ஜனாதிபதியானார். மக்கள் ஆணையற்ற ஒருவரிடம் இவ்வளவு அதிகாரம் சேர்ந்தது நேரடித் தேர்தலின் அவசியத்தையே உணர்த்தியது.

நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பதாக 1994இல் சந்திரிகா குமாரதுங்கவும் 2015இல் சிறிசேனவும் வாக்குறுதியளித்தனர். 2015இன் 19ஆவது திருத்தம் அதிகாரங்களைக் குறைத்தது. 2020இன் 20ஆவது திருத்தம் அவற்றை மீட்டளித்தது. குறை தெரிவுமுறையில் இருப்பதைவிட, தெரிவானவரிடம் குவியும் அதிகாரத்திலேயே அதிகம் என்பதை இந்த இழுபறி காட்டுகிறது.

2024 செப்டெம்பர் 21 தேர்தலில் எவரும் பாதியைத் தாண்டவில்லை. இலங்கை வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டு, முதல் சுற்றில் 42.31 வீதம் பெற்றிருந்த அநுர குமார திசாநாயக்க வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார்.