பீங்கான் தட்டும் ரப்பர் தட்டும்

சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயிலில் தினமும் போய்வருகிறவர்களில் எத்தனை பேர் மேலே நிமிர்ந்து பார்த்திருப்பீங்க? கம்பி தெரியும். அந்தக் கம்பி கம்பத்தில் ஒட்டாமல் பிடித்துக்கொண்டிருக்கிற சாமான் கண்ணில் படாது. இன்சுலேட்டர் என்று பேர். எங்க ஊர்ப் பக்கம் ‘பீங்கான்’னுதான் சொல்வோம். இப்போ மாட்டுவது பல இடத்தில் பீங்கானே இல்லை, ஆனா பேர் மட்டும் மாறலை.

இந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சது 1931-ல். கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லி தொடங்கி வைத்தார். இந்தியாவில் மீட்டர் கேஜில் ஓடிய முதல் மின்சார ரயில் இதுதான். அப்போது கம்பியில் 1,500 வோல்ட் டி.சி. 1967-ல் 25,000 வோல்ட் ஏ.சி.யாக மாற்றினார்கள். வோல்ட் ஏறினால் பீங்கானும் பெரிசாகணும். கம்பியிலிருந்து கம்பத்துக்கு மின்சாரம் போகிற வழி எவ்வளவு சுற்றுவழியாக இருக்கோ அவ்வளவு நல்லது. அதுக்குத்தான் அந்தப் பாவாடை மாதிரி மடிப்பெல்லாம்.

தாம்பரத்துக்கு மேற்கே எங்க வயல்களுக்கு மேல போற டவர் லைனில் இதைத் தட்டுத் தட்டாகக் கோத்துத் தொங்கவிட்டிருப்பாங்க. இப்படித் தட்டு கோக்கும் முறையை அமெரிக்காவில் 1907 வாக்கில் கண்டுபிடிச்சாங்க. ஒரு தட்டுக்குச் சுமாரா 11 கிலோவோல்ட்னு கணக்கு. 110-க்கு ஏழெட்டுத் தட்டு, 230-க்குப் பதினாலு பதினைஞ்சு. எழுதப் படிக்கத் தெரியாத கிழவர்கூட வரப்பில் நின்னு தட்டை எண்ணி ‘இது பெரிய லைனு, கிட்ட போகாதே’ன்னு பிள்ளைங்களை விரட்டுவார்.

அந்தப் பீங்கான் எங்கோ சீமையிலிருந்து வந்ததுன்னு நினைக்காதீங்க. போரூரில் 1961-ல் தொடங்கின டபிள்யூ.எஸ். கம்பெனி அங்கேயே இன்சுலேட்டர் சுட்டது. களிமண்ணு, படிகக்கல், ஃபெல்ட்ஸ்பார், அப்புறம் சூளை. நம்ம குயவர் வேலையோட பெரியண்ணன்! இன்னைக்கு மவுண்ட்-பூந்தமல்லி ரோட்டில் போனா ரெண்டு பக்கமும் ஐ.டி. கட்டடங்கள். சூளை நின்னுபோச்சு.

பீங்கானுக்கு எதிரி மழைன்னு பலர் நினைக்கிறாங்க. இல்லை, கனமழை அதைக் கழுவிவிடும். எதிரி தூசியும் பனியும். திரிசூலம், பல்லாவரம், பம்மல் பக்கம் கல்குவாரியும் கிரஷரும் ஓடின காலத்துத் தூசி எப்படி இருந்துச்சுன்னு அந்தப் பக்கத்து ஆளைக் கேட்டா தெரியும். கிழக்கே போனா உப்புக் காத்து. கோடை முழுக்க இது பீங்கான் மேல படியும். அப்புறம் ஒரு நாள் விடியற்காலைப் பனி, இல்ல சும்மா ஒரு தூறல். படிஞ்ச உப்பு ஈரமாகி மின்சாரம் ஓட வழி கொடுக்கும், பளிச்சுன்னு தாவும், லைன் டிரிப் ஆகும். ‘ரெண்டு சொட்டு விழறதுக்குள்ள கரண்டு போச்சு’ன்னு நீங்க திட்டுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதுக்கு மாற்றாக 1960களில் ஜெர்மனி, அமெரிக்கா மாதிரி நாடுகளில் புது வகை கிளம்பிச்சு. நடுவில் கண்ணாடி இழைத் தண்டு, அது இழுவிசையைத் தாங்கும். மேலே சிலிக்கோன் ரப்பர் தட்டுகள். சேப்ப இலை மேல தண்ணி எப்படி முத்து முத்தா உருண்டு போகுது, அப்படித்தான் இதன் மேலும். தூசி படிஞ்சாலும் ரப்பரிலிருந்து கசியும் சிலிக்கோன் அந்தத் தூசிக்குள்ளும் ஊறி அதையும் நனையவிடாது. எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம் இது. எடையும் பீங்கான் சரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கவணில் கல் விட்டாலும் உடையாது. வடக்கே பனிமூட்டத்தில் வரிசையா லைன் விழுந்துகிட்டிருந்தப்ப பவர்கிரிட் பீங்கானைக் கழற்றி இதை மாட்டியது. ரயில்வேயும் மின்கம்பியில் இதைப் பயன்படுத்துது.

இருந்தாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பீங்கான் உடைஞ்சா கீழே நின்னே பார்க்கலாம். கண்ணாடித் தட்டுன்னா பொலபொலன்னு கொட்டிடும், காலி இடம் காட்டிக்கொடுக்கும். ரப்பருக்குள்ளே இருக்கும் தண்டுக்கு வரும் நோய் வெளியே தெரியாது. மூட்டு இடத்தில் இடுக்கு விட்டு ஈரம் உள்ளே போனால், அங்கே உண்டாகும் அமிலம் இழையை அரித்து, ஒரு நாள் தண்டு படக்னு முறியும். முறிஞ்சா கம்பி விழுவது எங்க வயலில்தான், நாத்து நடுற பொம்பளைங்க நிக்கிற சேத்தில். ரப்பர் தட்டை எண்ணி வோல்ட்டும் சொல்ல முடியாது.

வெப்பத்தைக் காட்டும் கேமரா, கண்ணுக்குத் தெரியாத மின்பொறியைக் காட்டும் கேமரா எல்லாம் இருக்கு. தரையில் நின்னே நோய் கண்டுபிடிக்கலாம். எங்க பக்கத்து லைன்மேன் ஒருத்தர்கிட்ட கேட்டேன். கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சுக்கிட்டு, “அண்ணே, எனக்குக் கையுறையே போன வருஷம் வந்ததுதான்” என்றார்.