அம்மாவின் கல்யாணத்துக்குச் சாட்சி யார்?

அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் கேட்டார்.

“மேரேஜ் சர்டிபிகேட் இருக்காம்மா?”

“இல்ல தம்பி.”

“கோயில்ல நடந்திருந்தா ரசீது குடுத்திருப்பாங்களே, அது?”

“கோயில்ல நடக்கல.”

“சரி, தாலி கட்டுற மாதிரி ஒரு போட்டோ?”

“தாலியே கட்டலையே தம்பி.”

அவர் என்னைப் பார்த்தார். துக்கத்தில் அம்மா ஏதோ குழம்பிப் பேசுகிறார், மகள் திருத்திச் சொல்வாள் என்று நினைத்திருப்பார். திருத்த எனக்கு ஒன்றும் இல்லை. 1976இல் நெய்வேலியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராகுகாலம் பார்த்து, அதாவது ராகுகாலத்தில் நடக்க வேண்டும் என்று பார்த்து, மாலை மாற்றிக்கொண்டவர்கள் என் பெற்றோர். தகரப்பெட்டியில் இருந்தவை மூன்று பொருள்கள்: ‘வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா’ என்று தலைப்பிட்ட அழைப்பிதழ், மாலையும் கழுத்துமாக நிற்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அப்பாவின் நண்பர்கள் வாசித்தளித்த வாழ்த்துமடல். வாழ்த்துமடலில் அம்மாவின் பெயர் ஒற்றெழுத்துப் பிழையோடு இருக்கிறது. தமிழ் படித்த எனக்கு அது இன்றும் உறுத்தும்.

முப்பது வருடத்துக்கும் மேலாக இந்த மூன்றையும் யாரும் கேட்கவில்லை. குவார்ட்டர்ஸ் ஒதுக்கும்போது அப்பா எழுதிக் கொடுத்ததே போதுமானதாக இருந்தது. ரேஷன் கார்டில் ‘மனைவி’ என்று ஏறியது. அதைப் பார்த்து வாக்காளர் பட்டியலிலும் ஏறியது. கணவர் சொல் இருக்கும்வரை மனைவிக்குச் சான்று தேவைப்படுவதில்லை. அவர் போன மறுநாள் அது தேவையாகிறது.

அன்று வீடு திரும்பிய பிறகுதான் அந்தத் திருமணத்தின் சட்ட வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். முனைவர் பட்டத்துக்காகச் சுயமரியாதை இயக்க இதழ்களைப் புரட்டியவள்தான் நான். ஆனால் அப்போது என் கண்ணில் பட்டது மொழிநடை. சொத்தும் வாரிசும் நடையில் தெரிவதில்லை.

முதல் சுயமரியாதைத் திருமணம் என்று இயக்கத்தார் சொல்வது 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் நடந்தது. அடுத்த ஆண்டு குஞ்சிதம் – குருசாமி திருமணம். சாதி கடந்த மணம் அது. குஞ்சிதம் பின்னாளில் மேடைகளில் பேசிய பெண்களில் முக்கியமானவர். இந்த மணங்கள் பட்டப்பகலில், ஊர் கூட்டி, மணிக்கணக்கில் சொற்பொழிவோடு நடந்தவை. புரோகிதர் இடத்தில் பேச்சாளர் இருந்தார். செய்தி ‘குடி அரசு’ இதழில் வந்தது. யாரும் பதிவாளரிடம் போகவில்லை. போயிருக்கவும் முடியாது என்பதே பெரும்பாலோர் நிலை. அன்றிருந்த 1872ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணக்க வேண்டுமானால் ‘நான் இந்து மதத்தைச் சேர்ந்தவள் இல்லை’ என்பதுபோல் மதம் மறுத்து உறுதி சொல்ல வேண்டியிருந்தது. 1923இல்தான் ஒரு திருத்தம் வந்து, இந்துக்கள் தங்களுக்குள் மதம் மறுக்காமலே அந்தச் சட்டத்தின்கீழ் மணக்க வழி பிறந்தது. அதற்கும் முன்னறிவிப்பு, காத்திருப்பு, பதிவாளர் அலுவலகம் எல்லாம் உண்டு. கிராமத்துச் சம்சாரிக் குடும்பங்களுக்கு அது எட்டாத தூரம்.

அந்தத் தூரத்தின் விலை 1953இல் தெரிந்தது. தெய்வானை ஆச்சி – சிதம்பரம் செட்டியார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், சுயமரியாதைத் திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்றது. சடங்கு இல்லை, வழக்கம் என்று கொள்வதற்கு அது தொன்மையானதும் இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக நடந்த மணங்கள் ஒரே தீர்ப்பில் கேள்விக்குள்ளாயின. இதில் ஆண்கள் இழந்தது பெருமை. பெண்கள் இழந்தது ‘மனைவி’ என்ற நிலையை. பிள்ளைகள் இழந்தது பங்கை. மேடையில் ஒப்பந்தம் என்று சொல்லப்பட்டதைச் சட்டம் சேர்ந்து வாழ்தல் என்று வாசித்தது.

இயக்கத் தலைமைக்கும் இது தெரியாததில்லை. ஆயிரக்கணக்கானோருக்குப் புரோகிதரின்றி மணம் நடத்திவைத்த பெரியார், 1949 ஜூலையில் மணியம்மையை மணந்தபோது அதைப் பதிவுத் திருமணமாகவே செய்தார். அந்தத் திருமணத்தை ஒட்டி எழுந்த அரசியல் பிளவைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். வாரிசு என்று வரும்போது மாலை போதாது, பதிவேடு வேண்டும் என்ற சின்ன உண்மையும் அதற்குள் இருக்கிறது. தகரப்பெட்டியை வைத்திருந்த பெண்களுக்கு அதை யாரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

1955இன் இந்துத் திருமணச் சட்டமும் வழக்கத்திலுள்ள சடங்கையே கேட்டது. தீர்வு 1967இல் வந்தது. அண்ணா முதலமைச்சரான அதே ஆண்டு நவம்பரில் சட்டமன்றம் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு நடைமுறைக்கு வந்தது. அதுதான் 7-அ பிரிவு. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில், இன்னாரைத் துணையாக ஏற்கிறேன் என்று சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். இதில் ஏதாவது ஒன்று போதும். அந்த ‘அல்லது’ என்ற சொல்லை நான் வகுப்பில் இடைச்சொல் பாடமாகவே நடத்துவதுண்டு. என் அம்மாவின் கழுத்தை வெறுமையாக வைத்திருக்கும் உரிமையை அதுதான் கொடுத்தது.

பழைய மணங்களையும் அந்தப் பிரிவு பின்தேதியிட்டுச் செல்லும்படியாக்கியது, பிள்ளைகளையும் சட்டப்படியானவர்களாக்கியது. எனக்குப் பிடித்தது அதிலுள்ள விலக்கு ஒன்று: இடைக்காலத்தில் அந்தப் பெண் சட்டப்படி வேறொருவரை மணந்திருந்தால், பழைய மணத்தை இந்தச் சட்டம் உயிர்ப்பிக்காது. 1953க்கும் 1967க்கும் நடுவே ‘உன் கல்யாணமே செல்லாது’ என்று கேட்டு வேறு வாழ்க்கைக்குப் போய்விட்ட பெண் யாராவது இருந்திருப்பாள். சட்டம் எழுதியவர்கள் அவளை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

நினைக்காமல் விட்டது ஒன்று: தாள். தேவாலயத்தில் திருமணப் பதிவேடு உண்டு, ஜமாஅத்தில் நிக்காஹ் பதிவேடு உண்டு, கோயிலில் ரசீதாவது உண்டு. 7-அ பிரிவு மணத்தைச் செல்லும்படியாக்கியது. அதைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. சாட்சிகளின் நினைவுதான் பதிவேடு. சாட்சிகள் செத்துப்போவார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 2006இல் சீமா – அஸ்வனிகுமார் வழக்கில் எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, தமிழ்நாடு 2009இல் திருமணப் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. மணம் எந்த மதத்தில் எப்படி நடந்தாலும் 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். அதற்கு முன் மணந்தவர்கள் இந்துத் திருமணச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் பதியலாம். கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட வேண்டும். அம்மா கேட்டாள், “இதை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?” படித்த மகளாக நான் கூனிக்குறுகிய இடம் அது.

இந்தத் தேடலில் என்னை நிறுத்தி வைத்தது நாகலிங்கம் – சிவகாமி வழக்கு. 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிவகாமி முதல் மனைவி. கணவர் 1984இல் திருத்தணியில் இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டினார். இருதார மணம் என்று வழக்குப் போட்டார் சிவகாமி. நடத்திவைத்த புரோகிதரே சாட்சிக்கூண்டில் ஏறித் தாலி கட்டியதைச் சொன்னார். ஆனால் அக்கினியைச் சுற்றி ஏழடி நடக்கவில்லை என்றும் சொன்னார். ஏழடி இல்லையென்றால் அது திருமணமே இல்லை, திருமணம் இல்லையென்றால் குற்றமும் இல்லை. விசாரணை நீதிமன்றம் விடுவித்துவிட்டது. நாடு முழுக்க ஆண்கள் தப்பித்த வழி இது. 1965இன் லோகண்டே வழக்கிலிருந்து திறந்தே கிடந்த வாசல். உச்ச நீதிமன்றம் 7-அ பிரிவைக் கையிலெடுத்தது. தமிழ்நாட்டில் ஏழடி தேவையில்லை, தாலி போதும், ஆகவே இரண்டாவது மணமும் மணம்தான், குற்றமும் குற்றம்தான் என்றது. புரோகிதரை மறுத்தவர்களுக்காக வந்த சட்டம் கோயிலில் தாலி கட்டியவனைப் பிடித்துக் கொடுத்தது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: தன் கணவனுக்கும் இன்னொருத்திக்கும் நடந்த கல்யாணம் முறைப்படி நடந்தது என்று முதல் மனைவியே பாடுபட்டு நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் டவுன்ஷிப்பிலும் இப்படி ஒரு வீடு உண்டு. மாதச் சம்பளத்தன்று மட்டும் ஊரிலிருந்து ஓர் அம்மா வந்து ஆர்ச் கேட் பக்கம் காத்திருப்பார். குவார்ட்டர்ஸில் இருந்தவர் யார், வாசலில் நின்றவர் யார் என்பது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. நெய்வேலி அப்படிப்பட்ட ஊர். 1956இல் நிறுவனம் தொடங்கி, 1961இல் முதல் பழுப்பு நிலக்கரி வெளியே வந்து, பல ஊர்க்காரர்கள் வந்து சேர்ந்த ஊர். சாதித் தெரு கிடையாது. கிரேடு பார்த்து பிளாக்கில் வீடு. என் பெற்றோர் போன்றவர்கள் மூத்த உறவு யாரும் பக்கத்தில் இல்லாமல் மணந்துகொள்ள இந்த ஊரின் அந்நியத்தன்மை உதவியது. அதே அந்நியத்தன்மை இரண்டு குடும்பம் வைத்திருந்தவர்களுக்கும் உதவியது.

டவுன்ஷிப் எல்லை தாண்டினால் ஊர் பழைய ஊர்தான். விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டை, எங்களுக்கு பஸ் தூரம். அந்த ஊரின் கண்ணகியும் முருகேசனும் 2003 மே 5 அன்று கடலூரில் பதிவாளர் அலுவலகத்தில் ரகசியமாக மணந்துகொண்டார்கள். கண்ணகி பட்டதாரி, வன்னியர். முருகேசன் பொறியியல் படித்த தலித் இளைஞர். மணந்த பின் அவரவர் வீட்டில் இருந்தார்கள், பிறகு வெளியேறினார்கள். ஜூலை 8 அன்று ஊரார் முன்னிலையில் இருவருக்கும் நஞ்சு புகட்டப்பட்டது, உடல்கள் எரிக்கப்பட்டன. கடலூர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில்தான் தீர்ப்பளித்தது: பதின்மூன்று பேர் குற்றவாளிகள், அவர்களில் கண்ணகியின் தந்தையும் அண்ணனும் காவல்துறையினர் இருவரும் உண்டு. அண்ணனுக்கு விதிக்கப்பட்ட தூக்கு, உயர் நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனையானது. 2025இல் உச்ச நீதிமன்றமும் தண்டனைகளை உறுதி செய்தது. என் அம்மாவிடம் இல்லாத அந்தத் தாள் கண்ணகியிடம் இருந்தது. இதை எழுதும்போது கை நிற்கிறது.

1928இல் ஊர் கூட்டிச் செய்வதுதான் புரட்சி. 2003இல் ஊருக்குத் தெரியாமல் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் 2014இல் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர் அறையில் ரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. கொண்டாட்டம் இருந்தால்தான் திருமணமா என்று அப்போதே எனக்குக் கோபம் வந்தது. 2023 ஆகஸ்டில், இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தைத் தள்ளியது: பகிரங்கமாகத்தான் மணக்க வேண்டும் என்று வற்புறுத்தினால், எதிர்ப்புக்கு அஞ்சி வரும் இணையரின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று சுட்டியது.

7-அ பிரிவு இரு இந்துக்களுக்கு இடையில் மட்டுமே செல்லும். போன பருவத்தில் முதுகலை மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்தாள். பையன் கிறித்தவக் குடும்பம். மதம் மாற இருவருக்கும் விருப்பமில்லை. அப்படியானால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் ஒரு வழி. முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், அதை அலுவலகத்தில் பலரும் பார்க்கும்படி ஒட்டுவார்கள், முப்பது நாள் காத்திருக்க வேண்டும். வேறு மாவட்டத்தில் நிரந்தர முகவரி என்றால் நகல் அங்கேயும் போய் ஒட்டப்படும். அவள் சொந்த ஊர் வேறு மாவட்டம்.

“ஊர்ல ஒட்டுவாங்களா மேடம்?”

“அந்த மாவட்டத்துப் பதிவாளர் ஆபீஸ்ல ஒட்டுவாங்க.”

“எங்க மாமா அங்கதான் பத்திரம் எழுதுறார்.”

அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021இல், இணையர் விரும்பினால் மட்டும் ஒட்டினால் போதும் என்று சொன்னதை அவளிடம் சொன்னேன். அது உத்தரப் பிரதேசம் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. நல்ல வழக்கறிஞர் ஒருவரிடம் அனுப்பினேன்.

அம்மாவின் விஷயம் ஒருவழியாக முடிந்தது. 1976இல் வாழ்த்துரை வழங்கிய அப்பாவின் நண்பர்களில் ஒருவர் பண்ருட்டியில் உயிரோடு இருந்தார். எண்பதைத் தாண்டியவர். உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஆட்டோவில் வந்து இறங்கினார். கையெழுத்திட்ட பிறகு, அன்று தான் பேசியதை நோட்டரி அறையிலேயே மறுபடி பேசத் தொடங்கிவிட்டார். அம்மா குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, “அன்னைக்கும் இப்படித்தான், சாப்பாடு ஆறிப்போச்சு” என்றாள்.

மாணவி சென்ற வாரம் மறுபடி வந்தாள். முன்னறிவிப்பு கொடுத்துவிட்டார்களாம், பதினொரு நாள் ஆகிறதாம். மூன்று சாட்சிகள் வேண்டும், இரண்டு பேர்தான் கிடைத்திருக்கிறார்கள் என்றாள். என் ஆதார் நகலை எடுத்துக் கொடுத்தேன்.