சீழின் பச்சை

பெரம்பலூர், அரியலூர் மானாவாரிக் காடுகளில் கருவேலமுள் தைக்காத கால் அரிது. தைத்த இடத்தில் திரளும் சீழை அருவருப்புடன் பிதுக்கி எறிகிறோம். அதன் இளம்பச்சைக்கும் ஒரு வரலாறு உண்டு.

1941-இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஷெல் ஆக்னர், காசநோயாளிகளின் நெஞ்சில் தேங்கிய சீழிலிருந்து வெள்ளணு நொதியொன்றைப் பிரித்தெடுத்தார். பச்சை நிறம் கண்டு 'வெர்டோபெராக்சிடேஸ்' என்றார். பின்னாளில் அது 'மைலோபெராக்சிடேஸ்' ஆயிற்று. ஹைட்ரஜன் பெராக்சைடையும் குளோரைடையும் கொண்டு, பிளீச்சிங் பவுடர் நீரில் தரும் அதே அமிலத்தை ஆக்கிக் கிருமியைக் கொல்வது அதன் தொழில்.

சிலருக்கு உடலே இந்நொதியைப் பகையெனக் கொள்கிறது. நுண்குழாய்கள் அழன்று சிறுநீரகம் பழுதாகிறது. 1988-இல் இவ்வுண்மை தெளிந்தது. அந்நோயைக் கண்டறியும் சோதனைக்கு, மனித வெள்ளணுக்களிலிருந்து தூய்மைப்படுத்திய இந்நொதியே உதவுகிறது.

பெயரிலிருந்து பச்சை உதிர்ந்துவிட்டது. சீழ் தந்த அந்நோயாளிகளுக்கோ வரலாற்றில் பெயரே இல்லை.